பூச்சுக்காரரின் வேண்டுதல்

சாமிக்குக் கொடுத்த வாக்கை நாலு வருஷம் தள்ளிப்போட ஒரு மனிதனுக்கு எத்தனை காரணம் அகப்படும் என்று யாராவது ஆராய்ச்சி செய்வதானால், நேரே இந்த வீட்டுக்கு வந்து வீட்டுக்காரம்மாளைக் கேட்கலாம். புருஷன் சொன்னதையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பாள். முதல் வருஷம் மழை. இரண்டாம் வருஷம் மழை வரும்போல் இருந்தது. மூன்றாம் வருஷம் மழை வரும்போல் இல்லாததால் வேலை குவிந்துவிட்டது. நாலாம் வருஷம் முழங்கால். அதுவும் இடது முழங்கால் என்று ஆரம்பித்து, வருஷக் கடைசிக்குள் வலதுக்கு மாறிவிட்டது.

அவள் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பர்ஸ் தொலைந்தது, டிக்கெட்டைக் குழந்தை தின்றுவிட்டது, பக்கத்துப் பெட்டியில் இருக்கும் சித்தப்பாவிடம் டிக்கெட் இருக்கிறது, ஆனால் சித்தப்பா போன ஸ்டேஷனில் இறங்கிவிட்டார் என்று எல்லாக் கதையும் கேட்டவள். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இவனிடம் டிக்கெட் இல்லை என்று. ஓடுகிற வண்டியில் கேட்ட கதைகளைவிட உட்கார்ந்த இடத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டவை அதிகம் என்பது அவளுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

வீட்டுக்காரருக்குத் தொழில், மொட்டைமாடி ஒழுகாமல் பூச்சு போடுவது. பூச்சுக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. தளம் மூன்று நாள் விடாமல் காய்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் பூச்சில் கை வைக்கலாம். நல்ல விதிதான். ஆனால் மனுஷர் அதை வைத்துக்கொண்டு மொட்டைமாடியை மட்டுமா நடத்தினார்? பல் பிடுங்குவதா, மகளின் கல்யாணப் பேச்சா, துக்கம் விசாரிக்கப் போவதா, எதுவானாலும் முதலில் ஜன்னலோரம் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "மூணு நாள் போகட்டுமே" என்பார். அவர்கள் வீட்டு மாடி பதினோரு வருஷமாக ஒழுகுகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வயிற்றில் ஒரு கட்டி. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பித்ததிலேயே அது சாதாரணக் கட்டி இல்லை என்று புரிந்துபோயிற்று. ஆறு மணி நேர ஆபரேஷன். கண் விழித்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். மகளின் மாமியார்கூட வந்து, சம்பந்தி என்ற முறைக்குக் குறைவில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இவரைத்தான் காணோம். சாயங்காலம் ஐந்தரைக்கு முகமெல்லாம் கருத்துப்போய் வந்து நின்றார்.

"எங்கங்க போயிருந்தீங்க?" என்றாள், மூக்கில் குழாயோடு.

அவர் கொஞ்ச நேரம் முழித்தார். "கோயிலுக்கு. மலைச் சந்நிதிக்கு நடந்தே வரேன்னு வேண்டிக்கிட்டேன். நூத்தி அறுபது கிலோமீட்டரும். நீ நல்லபடியா எழுந்துட்டா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கிவரச் சொன்னாலும் ஸ்கூட்டரை எடுக்கிற மனுஷர் இவர். இவர் தனக்காக நடக்கிறேன் என்கிறார், அதுவும் நூற்று அறுபது கிலோமீட்டர். உடம்பு தேறி வேலைக்குப் போனதும் ஓய்வறையில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு முன்பதிவு கிளார்க் ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் புருஷனோடு பெரிய சண்டை போட்டதாகவும் தகவல்.

பிழைப்பது அவள் பங்கு, அதை முடித்துவிட்டாள். நடப்பது அவர் பங்கு. அதுதான் நாலு வருஷமாக ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓய்வறையில் "என்ன, வீட்டுக்காரர் கிளம்பிட்டாரா?" என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். கடைசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, லீவு எழுதிய கையோடு அவரிடம் சொன்னாள்.

"நானும் கூட வரேன். இந்தத் தடவை நீங்க முழுசா நடந்து முடிக்கணும். பாதியில திரும்பினீங்கன்னா, பொண்ணு இருக்கற ஊருக்கு மாத்தல் கேட்டு நான் போயிடுவேன். தனியா. மிரட்டல்னு நினைச்சுக்காதீங்க, தகவல் சொல்றேன்."

அவர் அவளைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஜன்னலையும் பார்த்தார். "சரி" என்றார்.

அந்த யாத்திரைப் பாதை எட்டு நாள் நடை. நாளுக்கு ஒரு விடுதி. மூட்டை முடிச்சுகளை ஒரு வேன் முன்கூட்டியே கொண்டுபோய் இறக்கிவிடும். சும்மா நடக்கிறவர்களுக்கு வெள்ளை அட்டை, வேண்டுதல்காரர்களுக்கு மஞ்சள். ஒவ்வொரு விடுதியிலும் அட்டையில் முத்திரை குத்துவார்கள். மலை உச்சியில் ஒரு பதிவேடு இருக்கிறது. வேண்டுதல்காரர் அங்கே நின்று, என்ன வேண்டினார், எப்போது வேண்டினார், முழுக்க நடந்தே வந்தாரா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்காக வேண்டினாரோ அவர் கூட வந்திருந்தால் அவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாமிக்கு மனிதர்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதை அந்த ஏற்பாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மஞ்சள் அட்டையில் 'யாருக்காக' என்ற இடத்தில் அவர் 'மனைவி' என்று எழுதியபோது பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் வானம் தன் குணத்தைக் காட்டியது. காலையில் பல்லைக் காட்டும் வெயில். எல்லோரும் கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அதற்கென்றே காத்திருந்ததுபோல் பத்து மணிக்குப் பனிமூட்டம் வரும். மத்தியானம் மழை. மழைக்கோட்டைத் தேடி எடுத்து, தலை வழியாகப் போட்டு, கை எது கழுத்து எது என்று கண்டுபிடித்து முடிக்கும்போது மறுபடி வெயில். மூன்று மணிக்குச் சுண்டைக்காய் அளவு ஆலங்கட்டி. இந்தப் பாதையில் மூன்று நாள் விடாமல் காய்ந்த வானம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு வேண்டுதல் போட வேண்டும்.

கூட நடந்தவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருக்கு இது ஒன்பதாவது தடவை. யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிடுவார். கேட்டால் எட்டு தடவையும் என்ன நடந்தது என்றும் சொல்வார்.

"மலைக்கு ஒரு மனசு இருக்கும்மா. அது நம்மள சோதிக்கும்."

"உங்கள ஒன்பது தடவை சோதிச்சிருக்கே டாக்டர், இன்னுமா பாஸ் பண்ணல?" என்றாள். டாக்டர் அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசவில்லை. அந்த யாத்திரையிலேயே அதுதான் அவளுக்கு மனசு நிம்மதியாக இருந்த அரைமணி நேரம்.

பூச்சுக்காரர் முதல் நாலு நாள் எப்படியோ நடந்தார். நடந்தார் என்பதைவிட ஒதுங்கினார் என்பது பொருத்தம். மரத்தடி, பாறை இடுக்கு, ஆட்டுக் கொட்டகை என்று ஒதுங்க முடிந்த எதையும் விட்டுவைக்கவில்லை. ஒதுங்கிய இடத்திலெல்லாம் கூரையை அண்ணாந்து பார்த்து, "இங்க சரிவு சரியில்ல, தண்ணி தேங்கும்" என்று அபிப்பிராயம் சொன்னார். ஆனாலும் முத்திரை நாலு விழுந்துவிட்டது. அவள் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படவும் ஆரம்பித்திருந்தாள். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இன்றைக்கு ஓய்வு எடுக்கலாமா என்று கேட்பார்.

ஐந்தாம் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் பெரிய கணவாயைத் தாண்ட வேண்டும், இருபத்திரண்டு கிலோமீட்டர். அவர் விடுதி வாசலில் நின்று வானத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ முன்னாடி போம்மா. கொஞ்சம் விட்டதும் வந்து பிடிச்சிடறேன்."

"வருவீங்கல்ல?"

"வரேன்னு சொல்றேன்ல."

அவள் போனாள். கணவாயில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. காலணிக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது. ஆபரேஷன் தழும்பு குளிரில் சுண்டி இழுத்தது. பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தது பல் டாக்டர்தான், ஆறாவது தடவை வந்தபோது இதைவிடப் பெரிய மழை என்று சொல்லிக்கொண்டு.

மாலை ஐந்து மணிக்கு அடுத்த விடுதிக்குள் நுழைந்தால், பூச்சுக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. அட்டையில் ஐந்தாவது முத்திரை.

"எப்படி முந்தினீங்க?"

"குறுக்கு வழி ஒண்ணு இருந்துச்சு."

அவள் அவருடைய காலணியைப் பார்த்தாள். சேறு இல்லை. முகத்தைப் பார்த்தாள். டிக்கெட் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்த்த அதே முகம், அவளுடைய புருஷன் கழுத்துக்குமேல்.

சந்தேகத்துக்கு இடமே வைக்காமல், மூட்டைகளை இறக்கி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த வேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சாருக்கு இப்ப பரவாயில்லையாம்மா? வண்டியில ஏறும்போது ஒரு மாதிரி நடுங்கிட்டு இருந்தாரே."

"பரவாயில்லைங்க, நல்லா இருக்கார்" என்றாள் அவள். பூச்சுக்காரர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கத்தவில்லை. இன்னும் சாக்குப்போக்கு சொல்கிறவனிடம்தான் கத்தலாம், பிடிபட்டவனிடம் இல்லை. ஈர உடையை மாற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மனசுக்குள் மாற்றல் விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதிப் பார்த்தாள், நன்றாகவே வந்தது. நாலு வருஷம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது ஒரு வேன் சவாரியில் முடிந்துவிட்டது. அவருக்காக அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். ஆனால் அவளாக ஆரம்பித்த நடையை அவள் பாதியில் விடமாட்டாள், அவ்வளவுதான். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் பின்னாலேயே வந்தார். ஆச்சரியம், எங்கேயும் ஒதுங்கவில்லை. ஆலங்கட்டி மழை தலையில் டொக் டொக்கென்று விழுந்தபோதும் வந்துகொண்டே இருந்தார். குட்டு வெளிப்பட்டதால் வந்த சுறுசுறுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் உச்சிக்குப் போனார்கள். பதிவேட்டு அறை சின்னது. சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. அந்தக் குளிரில் அது எதற்கு என்று அதை மாட்டியவருக்குத்தான் வெளிச்சம். மேஜைக்குப் பின்னால் பதிவேட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். பத்தாயிரம் பேருடைய வேண்டுதலைக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் அசையாத முகம். வரிசையில் பின்னால் பல் டாக்டர் ஒன்பதாவது சான்றிதழுக்காகக் காலை மாற்றி மாற்றி நின்றார்.

பதிவேட்டுக்காரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "எட்டு முத்திரையும் இருக்கு. நீங்கதான் மனைவியா? இந்தாங்க பேனா. அவர் சொன்னதும் கீழ கையெழுத்துப் போட்டுடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். மந்திரியின் மைத்துனரையே டிக்கெட் இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்ட கை அது. போடமாட்டேன் என்று சொல்லத்தான் அத்தனை தூரம் ஏறி வந்திருந்தாள். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், போட்டுத் தொலைத்துவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் நிற்கிற மனுஷரின் காதுமடல் குளிரில் சிவந்திருந்தது, அதைப் பார்த்திருக்கக் கூடாது. பேனா முனை தாளுக்குப் போய்விட்டது.

"முழுக்க நடந்தே வந்தீங்களா?" என்று கேட்டார் பதிவேட்டுக்காரம்மா.

"இல்லம்மா" என்றார் பூச்சுக்காரர். "அஞ்சாவது நாள் வேன்ல வந்தேன்."

பேனா நின்றது. பதிவேட்டுக்காரம்மாவின் முகம் அசையவில்லை. "அது பரவாயில்ல. கீழ போய் அந்த ஒரு நாள மட்டும் நடந்துட்டு வாங்க, எழுதிக்கறேன். நிறையப் பேர் அப்படித்தான். வேண்டுதல் எப்ப போட்டது?"

"போடவே இல்லம்மா."

பின்னால் பல் டாக்டர்கூடக் காலை மாற்றுவதை நிறுத்திவிட்டார்.

பூச்சுக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வர கால் வரல. ஒரு வீட்டு மாடியில பூச்சு பாக்கி இருந்துச்சு, மூணு நாளா நல்லா காஞ்சிருந்துச்சு. அங்க போய் ஏறிட்டேன். போனை எதிர்ல வெச்சுக்கிட்டு பூசிட்டே இருந்தேன். ஒரு தடவை பூச வேண்டியதை நாலு தடவை பூசினேன். பொண்ணு போன் பண்ணி நீ கண்ணு முழிச்சிட்டேன்னு சொன்னப்புறம்தான் இறங்கினேன். எங்க போயிருந்தீங்கன்னு நீ கேட்டே. வாயில அந்தப் பொய் வந்துடுச்சு. சாமிய நான் நினைக்கவே இல்ல. யாரையும் நினைக்கல."

அவள் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனுஷர் யார் வீட்டு மாடியிலோ பூச்சு போட்டிருக்கிறார். வேலை நாள் வீணாகவில்லை. அவளுடைய நாலு வருஷப் பெருமைக்கு அஸ்திவாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

"நான் செத்திருந்தா?" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

"இறங்கியிருக்க மாட்டேன்."

அதை அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். சரிவு சரியில்லை, தண்ணீர் தேங்கும் என்று சொல்வாரே, அதே குரல். அதனாலேயே அவளுக்கு அது பொய்யில்லை என்று தெரிந்தது.

"நாலு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா போயிடுவே. வேண்டாத வேண்டுதலுக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடக்கறதுன்னுதான் நாள் தள்ளினேன். அஞ்சாவது நாள் நீ மழையில முன்னாடி போறதப் பார்த்தேன். எனக்குன்னு இவ நடக்கறா, நான் எதுக்கு நடக்கறேன்னு நினைச்சேன். உடம்பெல்லாம் ஆட ஆரம்பிச்சுது. வேன்ல ஏறிட்டேன்."

"இப்ப மட்டும் எதுக்குச் சொன்னீங்க?"

"நீ கையெழுத்துப் போடப் போனியே. உன் கையால பொய் எழுத வெக்க முடியல."

பதிவேட்டுக்காரம்மா மஞ்சள் அட்டையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இது செல்லாது. வேணும்னா ஒரு வெள்ளை அட்டை தரேன். சும்மா நடந்ததுக்கும் சான்றிதழ் உண்டு, பூப் போட்ட பார்டரோட."

"புதுசா ஒரு மஞ்சள் அட்டை குடுங்கம்மா" என்றார் பூச்சுக்காரர். "இங்கேருந்து கீழ நடந்தா எழுதிக்குவீங்களா?"

"எந்தப் பக்கம் நடந்தாலும் நூத்தி அறுபதுதான். என்ன வேண்டுதல்னு எழுதட்டும்?"

"இவ போகக் கூடாது."

பதிவேட்டுக்காரம்மா அப்போதுதான் முதல்தடவையாகக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அதெல்லாம் இங்க எழுதற விஷயம் இல்ல சார். அதுக்கு சாமி என்ன பண்ணும்? பக்கத்துல நிக்கறாங்க, அவங்களக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவளே பேசினாள். "நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன். நீங்க கீழ நடந்து முடிச்சுட்டு வந்து கதவத் தட்டுங்க. திறக்கறேனா இல்லையான்னு அன்னிக்குப் பார்க்கலாம். வேன்ல ஏறினா அங்க வராதீங்க."

அவர் வாசலுக்குப் போய் நின்றார். மேகம் கருகருவென்று இறங்கிக்கொண்டிருந்தது. தலை தன்னால் மேலே நிமிர்ந்தது. உடனே யாரோ அதட்டியதுபோல் குனிந்துகொண்டார். குனிந்தபடியே படியிறங்கிப் போனார்.

பஸ் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியது. கொஞ்ச தூரத்துக்குச் சாலையும் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் போகும். அதற்குள் ஆலங்கட்டி பஸ் கூரைமேல் கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு நிழற்குடைக்குக் கீழே இருபது பேர் நெருக்கியடித்து ஒதுங்கியிருந்தார்கள். நடுவில் பல் டாக்டர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எத்தனாவது தடவை என்று தெரியவில்லை. அதைத் தாண்டிப் பாதையில் ஒற்றை ஆளாகப் பூச்சுக்காரர் போய்க்கொண்டிருந்தார். கையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, விடாமல், நிழற்குடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஜன்னல் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவள் பார்த்தாள். இந்த மழை விட்டுவிடக் கூடாதா என்று மனசு தன்பாட்டுக்கு வேண்டிக்கொண்டது. அவள் திடுக்கிட்டு அதை வாபஸ் வாங்கினாள். விட வேண்டாம், நன்றாகப் பெய்யட்டும், எட்டு நாளும் பெய்யட்டும். அவளுக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, குறையப்போவதும் இல்லை. எட்டு நாள் கழித்து அந்த ஆள் கதவைத் தட்டினால் திறப்பாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தட்டுகிறபோது உள்ளே இருப்பாள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அந்த எரிச்சல் அவளுக்கு ஊர் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.